பழைய ஸ்லைடுகளை வீட்டிலேயே டிஜிட்டல் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பரணைத் துழாவினால், ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஃபிலிம் படங்களான ஸ்லைடுகளின் டப்பா கிடைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த தாத்தா கொண்டுவந்தது, நெய்வேலியில் இன்ஜினியராக இருந்த பெரியப்பா எடுத்தது, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய அம்மா வைத்திருந்தது என்று வந்த வழிதான் வேறு வேறு. டப்பாவைத் திறந்தவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக. படத்தில் வெள்ளைப் படலம் தெரிகிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு ஆறாவது கேள்விக்குப் போய்விடுங்கள்.

1. "சார், ஸ்லைடுன்னா நெகட்டிவ்தானே? ஸ்டுடியோல குடுத்தா பிரிண்ட் போட்டுத் தருவாங்கல்ல?"

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். கலர் நெகட்டிவ் என்றால் ஆரஞ்சுப் படலம் வேறு. ஸ்லைடு பாசிட்டிவ். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாலே வானம் நீலமாக, புடவை அதன் நிறத்திலேயே தெரியும். கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிமைக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ ஃபிரேம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஃபிரேம் 50-க்கு 50 மி.மீ.; உள்ளே இருக்கும் படம் 24-க்கு 36 மி.மீ.

இதற்கென்று தனியாக நெகட்டிவ் கிடையாது. கையில் இருப்பதுதான் ஒரே பிரதி, கீறினால் கீறினதுதான். பிரிண்ட் வேண்டுமென்றாலும் இப்போது ஸ்கேன் செய்துதான் போட வேண்டும்.

2. "எங்க வீட்ல ஆறு டப்பா இருக்கு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணணுமா?"

வேண்டவே வேண்டாம். பாதியில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் டப்பாவின் முதல் ஸ்லைடில் இருந்து வரிசையாக ஆரம்பித்தவர்கள்தான். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, அதன்மேல் பத்துப் பத்தாகப் பரப்பிப் பாருங்கள். ஆட்டம் கண்டவை, ஒரே காட்சியை நான்கு தடவை எடுத்தவை, விமான ஜன்னல் மேகங்கள், ஈஃபில் கோபுரம் தனியாக நிற்பவை எல்லாம் டப்பாவிலேயே இருக்கட்டும். ஆட்கள் இருக்கும் படங்கள் முதலில். அடுத்தது ஊர். கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி (பிரெஞ்சுக் கால நகராட்சி மன்றம்) கட்டடம், 2022-இல் ஒரு பகுதி சரிந்த கடல் பாலம், சுனாமிக்கு முந்தைய தேவனாம்பட்டினம் இதெல்லாம் பின்னணியில் எங்காவது இருந்தால், முன்னால் நிற்பவர் கண்ணை மூடியிருந்தாலும் எடுத்து வையுங்கள்.

பிரிக்கும்போதே வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்தால் போதும், எழுதக்கூட வேண்டாம். ஸ்கேனை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். மூலையில் நிற்கும் மீசைக்காரர் எந்த ஊர்ச் சித்தப்பா என்று சொல்ல அடுத்த வருஷம் ஆள் இருப்பாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

3. "ஸ்கேனர் வாங்குறதா, கேமராவுல எடுக்குறதா? எது பெஸ்ட்?"

கடையில் இருக்கும் சாதாரண டாக்குமென்ட் ஸ்கேனர் இதற்கு உதவாது. ஸ்லைடுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். எப்சன் வி600 போன்ற ஸ்கேனர்களின் மூடிக்குள் விளக்கு இருக்கிறது. ஒரே தடவையில் நான்கு ஸ்லைடு வைக்கலாம். 6400 டிபிஐ (அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) என்று விளம்பரம் செய்தாலும் அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் கால் பங்குதான். குடும்ப ஆல்பத்துக்கு அது போதும். பிளஸ்டெக் மாதிரி ஃபிலிமுக்கென்றே செய்த சிறிய ஸ்கேனர்கள் இதைவிடக் கூர்மை. ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் தள்ள வேண்டும், ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கேமரா இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். ஸ்லைடு அளவுக்கே நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும், வாடகைக்கும் கிடைக்கும். கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்த ஸ்டாண்டு தேடுகிறவர்கள், மூடிய ஸ்டுடியோக்களில் தூசி படிந்து கிடக்கும் என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்ட கருவியைக் கேட்டுப் பாருங்கள். தலையைக் கழற்றிவிட்டால் தூணும் பலகையும் அசையாமல் நிற்கும். கீழே சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற குறியீடு) 95-க்கு மேல் உள்ள எல்இடி பேனல், அதிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஸ்லைடு, சுற்றிலும் வெளிச்சம் கசியாமல் கறுப்பு சார்ட் அட்டை. ஸ்லைடு இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடியை வைத்து கேமராவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் ஒரு மூலை மங்கலாகவே வரும்.

கேமராவில் வைக்க வேண்டியவை: எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு), இரண்டு வினாடி டைமர். அறை விளக்கை அணையுங்கள், சீலிங் ஃபேனையும்தான். ஃபேன் இறக்கையில் ஒட்டியிருக்கும் தூசி முழுக்க ஸ்லைடு மேல்தான் இறங்கும். மலிவான எல்இடி விளக்குகள் நம் கரண்டில் வினாடிக்கு 100 தடவை மினுங்கும், அது படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை பத்தில் ஒரு வினாடி அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் தொல்லை இல்லை.

4. "அண்ணா, என்கிட்ட கேமராலாம் இல்ல. போன்ல எடுத்தா ஆகாதா?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஆகும், சுவரில் மாட்டுவதற்கு ஆகாது. டேப்லெட்டின் வெள்ளைத் திரை மேல் ஸ்லைடை நேரடியாக வைத்து எடுத்தால் திரையின் புள்ளிகள் வலை போலப் படத்துக்குள் வந்துவிடும். இரண்டு தீப்பெட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஸ்லைடை வைத்துத் திரையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். போனை மேலே ஒட்டி வைக்காமல் கொஞ்சம் விலக்கி, ஜூம் செய்யுங்கள். எச்டிஆர், அழகுபடுத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது பதிலில் சொன்ன பிரித்தெடுக்கும் வேலைக்கு இந்த முறை அருமை. எல்லாவற்றையும் போனில் ஒரு சுற்று எடுத்து வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்ததை மட்டும் ஸ்கேனருக்குக் கொண்டுபோகலாம்.

5. "ப்ரொஜெக்டர் ஓடுது. சுவத்துல போட்டு போட்டோ எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?"

முடியாது. நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் இருட்டாகவும் இருக்கும், சதுரம் கோணும், சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு முகத்தில் ஏறும். ப்ரொஜெக்டர் விளக்கின் சூட்டில் ஃபிலிம் வளையும், வெளிச்சத்தில் சாயமும் வெளுக்கும். ஒரு ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள், அதுவே அதற்குச் சரியான உபயோகம்.

6. "படத்து மேல வெள்ளையா நரம்பு மாதிரி ஓடுது. ஈரத் துணியில லேசா தொடச்சிடட்டுமா?"

தொடாதீர்கள். அது பூஞ்சை. ஃபிலிமில் படம் இருக்கும் அடுக்கு ஜெலட்டின், அதாவது மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. பூஞ்சைக்கு அது சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும். நம் கடலோரத்தில் அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடுகிறது. அந்த இடத்தில் ஈரத்துணி பட்டால் பூஞ்சையோடு சேர்ந்து படமும் வழித்துக்கொண்டு வரும்.

முதல் வேலை உலர்த்துவது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஸ்லைடுகளை ஓரிரு வாரம் மூடி வையுங்கள். வடாம் மாதிரி மொட்டை மாடியில் வெயிலில் பரப்பி வைக்கும் யோசனை பலருக்கு வருகிறது. பூஞ்சை சாகிறதோ இல்லையோ, நிறம் நிச்சயம் சாகும். காய்ந்த பிறகு முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ப்ளோவரால் ஊதி, மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

அதற்கும் போகாதவற்றுக்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கிறது. பஞ்சு முனையில் சொட்டு விட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் கை சானிடைசரில் தண்ணீர் கலந்திருக்கும், கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஃபிலிமையே கரைத்துவிடும், கூடவே கூடாது. எதுவானாலும் முதலில் ஒதுக்கி வைத்த ஸ்லைடு ஒன்றில் சோதித்துப் பாருங்கள். பளபளப்பான பக்கத்தில் இருக்கும் பூஞ்சை பெரும்பாலும் சுத்தமாகப் போய்விடும். மங்கலான பக்கத்தில் வேர் பிடித்திருந்தால் தழும்பு இருக்கத்தான் செய்யும். அதைத் தேய்த்துப் போக்க நினைக்காமல், ஸ்கேன் செய்தபின் மென்பொருளில் ஒட்டுப் போடுங்கள்.

7. "எத்தனை டிபிஐல ஸ்கேன் பண்ணணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கணக்குப் போட்டால் குழப்பம் தீரும். 4000 டிபிஐ-யில் ஒரு ஸ்லைடு சுமார் 5670-க்கு 3780 புள்ளிகள், அதாவது 21 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று பிரிண்ட் போட்டால் 18-க்கு 12 அங்குலம் தாராளமாக வரும். 2400 டிபிஐ என்றால் எட்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு. டிவியில் பார்க்க, 8-க்கு 10 பிரிண்ட் போட அது போதும். வி600 வைத்திருப்பவர்கள் 6400-இல் ஸ்கேன் செய்வது நேரத்துக்குப் பிடித்த கேடு. மூன்றாவது பதிலில் சொன்ன காரணத்தால் கோப்புதான் பெருக்கும், முகம் தெளியாது.

மிக நல்ல படங்களைத் தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாகவும், மற்றவற்றை உயர்தர ஜேபெக்காகவும் வையுங்கள். 4000 டிபிஐ-யில் ஒரு 16 பிட் டிஃப் கிட்டத்தட்ட 128 எம்பி வரும். 500 ஸ்லைடு என்றால் 64 ஜிபி.

8. "எந்தப் பக்கம் மேல வரணும்? எங்க அப்பா இடது கைக்காரரா மாறிட்டாரு!"

பளபளப்பான பக்கம் உங்களைப் பார்த்திருந்தால் படம் நேராகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் மங்கலாக, லேசான மேடு பள்ளத்தோடு இருப்பது மறுபக்கம். சிலர் ஃபிரேமை மாற்றிப் போடும்போது ஃபிலிமையே திருப்பி வைத்துவிடுவதால் ஃபிரேமில் அச்சடித்திருப்பதை முழுதாக நம்ப வேண்டாம்.

படத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள். சட்டைப் பாக்கெட் இடது பக்கம், புடவை முந்தானை இடது தோள், நம் ஊர்க் காரின் ஸ்டியரிங் வலது பக்கம். பிரான்சில் எடுத்த படத்தில் ஸ்டியரிங் இடது பக்கம்தான் இருக்கும், அவசரப்பட்டுத் திருப்பிவிடாதீர்கள். புதுச்சேரித் தெருமுனையில் தமிழும் பிரெஞ்சும் எழுதிய நீலப் பலகை தெரிந்தால் கவலையே இல்லை.

9. "எல்லாம் செவந்து போய்க் கெடக்குது. சரி பண்ண முடியுமா?"

ஃபிலிமில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றில் சியான் (பச்சை கலந்த நீலம்) முதலில் வெளுத்துவிட்டால் மிச்சம் சிவப்பாகத் தெரியும். 1976 வாக்கில் ஈ-6 என்ற கழுவும் முறை வருவதற்கு முந்தைய கோடக்கின் எக்டாக்ரோம் படங்களிலும், அந்தக் காலத்தில் இந்தியாவில் நிறைய விற்ற கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ படங்களிலும் இது சகஜம். கோடக்கின் இன்னொரு ஃபிலிமான கோடக்ரோம் இருட்டில் வைத்திருந்தால் அநேகமாக அப்படியே இருக்கும்.

கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் லெவல்ஸைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் வரைபடத்தின் இரு முனைகளையும் மலை தொடங்கும் இடத்துக்கு இழுத்தாலே பாதி நிறம் திரும்பிவிடும். பிறகு படத்தில் வெள்ளை வேட்டி இருக்கிறதா என்று தேடி, அதை வெள்ளையாக்குங்கள். சொட்டு நீலம் போட்ட வேட்டியில் கொஞ்சம் நீலம் இருக்கத்தான் வேண்டும், அதையும் துடைத்து எடுத்தால் ஆட்களின் முகம் மஞ்சளாகிவிடும். சாயம் முழுதாகப் போன படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதில் தப்பே இல்லை. செயற்கை நுண்ணறிவில் கொடுத்து நிறமேற்றினால் அது ஊகித்த நிறம்தான் வரும். அத்தையின் முகூர்த்தப் புடவை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது.

10. "ஸ்கேனர்ல தூசி எடுக்குற வசதி போட்டா சில படம் கோரமா ஆயிடுதே, ஏன்?"

அந்த வசதி அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்கிறது. சாதாரண கலர் ஃபிலிமின் சாயங்களை அந்தக் கதிர் ஊடுருவிப் போகும், தூசியும் கீறலும் மறைக்கும். மறைத்த இடத்தை மென்பொருள் நிரப்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது, அது கதிரை மறைத்துவிடும். உடனே ஸ்கேனர் தலைமுடியையும் கண்மையையும் தூசி என்று நினைத்து அழிக்கும். கோடக்ரோமிலும் இதே வம்பு வரும். அவற்றுக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு ப்ளோவரை நம்புங்கள்.

கோடக்ரோம் 1935-இல் வந்து 2009-இல் நின்ற ஃபிலிம். ஃபிரேமில் பெயர் இருக்கும். பெயர் இல்லையென்றாலும் எட்டாவது பதிலில் சொன்ன மேடு பள்ளம் அதில்தான் தூக்கலாகத் தெரியும். ஸ்கேன் செய்தால் சற்று நீலம் பாய்ந்து வரும். அது ஸ்லைடின் கோளாறு இல்லை.

11. "கண்ணாடி போட்ட ஸ்லைடுல வானவில் வளையம் வருது."

ஃபிலிமும் கண்ணாடியும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் இடத்தில் வரும் நியூட்டன் வளையம் அது. ஃபிரேமைப் பிரித்து, கண்ணாடி இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேமுக்கு மாற்றுங்கள். நம் ஊரில் கண்ணாடிக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு பூஞ்சையும் சீக்கிரம் வரும் என்பதால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காமல், வளையத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

12. "தாத்தா கல்யாண போட்டோ இன்னிக்குக் காலைல சுட்ட தோசை போட்டோ பக்கத்துல வந்து உக்காருது. தேதி மாத்த முடியாதா?"

கோப்புக்குள் பதிவாவது ஸ்கேன் செய்த தேதி. டிஜிகாம், எக்சிஃப்டூல் ஆகிய இலவச மென்பொருள்களில் மொத்தமாக மாற்றலாம். கோடக் ஃபிரேமில் அச்சடித்திருக்கும் மாதமும் வருஷமும் ஃபிலிமைக் கழுவிய நாள். பொங்கலுக்கு எடுத்த ரோல் முடிய ஆடி ஆகியிருக்கலாம், அதனால் அதைக் கடைசி எல்லையாக மட்டும் கொள்ளுங்கள்.

கோப்புப் பெயரில் வருஷம், டப்பா எண், ஸ்லைடு எண் போதும். ஆட்கள் பெயரையும் இடத்தையும் கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பில் தமிழிலேயே எழுதுங்கள், படத்தோடு கூடவே போகும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களில் இருந்து தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு கூடவே இருப்பதால்தான் அவற்றை ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். உங்கள் பாட்டியின் பாடலீஸ்வரர் கோயில் படத்துக்கும் அதே நியாயம்தான்.

13. "புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்து டப்பா நனைஞ்சிடுச்சு. தண்ணி படக்கூடாதுன்னீங்களே, இப்ப என்ன பண்றது?"

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று நம் பகுதிக்கு இது புதிதில்லை. ஆறாவது பதில் காய்ந்த ஸ்லைடுக்கு. ஏற்கெனவே நனைந்தவற்றுக்கு நேரெதிர் விதி: ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடக் கூடாது. காய்ந்தால் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, நீருக்குள்ளேயே மெதுவாகப் பிரித்து, அட்டை ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்கப் பாருங்கள்.

கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் நல்லது. போர்த் தண்ணீரின் உப்பு புள்ளி புள்ளியாகப் படியும். ஓரத்தில் கிளிப் மாட்டி, தூசியில்லாத அறையில் நிழலில் தொங்கவிடுங்கள். விரலோ துணியோ படத்தின் மேல் படக் கூடாது. முன்பே பூஞ்சை பிடித்திருந்தவற்றில் படம் கரைந்து போகலாம், அதைத் தடுக்க வழியில்லை. ஃபிரேமில் எழுதியிருந்த குறிப்பைக் கழற்றும் முன் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

14. "ஸ்கேன் பண்ணியாச்சு. ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடலாமா? எங்க சேவ் பண்றது?"

ஒரிஜினலை வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் சாகும், ஸ்லைடு பல வருஷம் எச்சரித்துவிட்டுத்தான் போகும். பிவிசி கவர் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கவர் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள். தரைத்தளத்திலும் பரணிலும் வைக்காதீர்கள்: கீழே வெள்ளம், மேலே சூடு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் அழியத் தொடங்கிவிட்டது. அதைத் தனியாகப் பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி: இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க், ஒன்று ஊருக்கு வெளியே. சென்னையிலோ பாரிஸிலோ இருக்கும் தங்கை வீடாகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். கூகுளின் இலவச 15 ஜிபி, ஏழாவது பதிலின் கணக்குப்படி, டிஃப் கோப்புகளுக்குக் காணாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது.

15. "பழைய தியேட்டர் விளம்பர ஸ்லைடு கிடைச்சிருக்கு, முழுக்கக் கண்ணாடி. இதுக்கும் இதே முறைதானா?"

இல்லை. இவை மூன்றேகால் அங்குல அளவில் இருக்கும். நிறைய ஸ்லைடுகளில் எழுத்தும் படமும் கையால் தீட்டியவை. ஆல்கஹால் பட்டால் மை கரைந்துவிடும், எனவே ப்ளோவரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். வி600-இன் மூடி விளக்கு ஒரு குறுகலான பட்டைக்குத்தான் வெளிச்சம் தரும், இதை முழுதாகப் பிடிக்காது. எல்இடி பேனலும் கேமராவும்தான் வழி, மேக்ரோ லென்ஸ்கூடத் தேவையில்லை.

16. "அம்மா டாக்டர். அவங்க ஸ்லைடுல பாதி நோயாளிகள் படம். நெட்ல போடலாமா?"

போடக் கூடாது. முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அவர்கள் பாடம் நடத்தச் சம்மதித்திருப்பார்களே தவிர ஊர் பார்ப்பதற்கு இல்லை. அந்த டப்பாவைத் தனியாகப் பிரித்து வையுங்கள், கிளவுடிலும் ஏற்ற வேண்டாம். பாடத்துக்குப் பயன்படும் என்று தோன்றினால் அம்மா வேலை பார்த்த துறையையே கேளுங்கள்.

குடும்பப் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அம்மா எடுத்த படத்தின் உரிமை அம்மாவுக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. ஸ்டுடியோக்காரரைக் கூலிக்கு அமர்த்தி எடுத்த கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எடுக்கச் சொன்னவருக்கே.